குடிக்காதவரின் ஈரல்

அப்பா ஒரு சொட்டுக் குடித்தவரில்லை. 2009இல் ஈரல் சுருங்கி அவர் இறந்தபோது, துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் அதை நம்பவில்லை. "வெளிய தெரியாமக் குடிச்சிருப்பார்" என்று திண்ணையில் பேசியது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. அவருக்கு இருபது வருடச் சர்க்கரை. தொப்பை அதைவிடப் பழையது. குடிக்காத ஈரலிலும் கொழுப்பு சேரும், அது அழன்று தழும்பாகும் என்று அம்மாவுக்குச் சொல்ல அன்று யாருமில்லை.

மான்செஸ்டரில், நாற்பத்து மூன்று வயதில், எனக்கும் அதே நோய். எடை 112 கிலோ. ஈரலில் தழும்பு தொடங்கிவிட்டது என்றார்கள். நடை, சிறுதானியம், இரவுப் பட்டினி எல்லாம் பார்த்தாகிவிட்டது. போன எடை ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது. கடைசியில் ஸ்லீவ் அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்தேன்.

"ஈரல்ல நோயின்னா வயித்த எதுக்குய்யா அறுக்கணும்?" என்றாள் அம்மா. நியாயமான கேள்வி. இரைப்பையில் சுமார் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை விடுகிறார்கள். கொள்ளளவு குறைவது மட்டுமல்ல, பசியைத் தூண்டும் கிரெலின் சுரப்பும் குறைகிறது. எடை இறங்க இறங்க இன்சுலின் ஒழுங்காக வேலை செய்கிறது, ஈரலில் கிடந்த கொழுப்பு கரைகிறது. அறுவைக்கு முன் இரண்டு வாரம் எனக்குப் பாலும் தயிரும்தான். கொழுத்த ஈரல் இரைப்பையின் மேல் கவிந்துகிடக்கும். அது கொஞ்சம் சுருங்கினால்தான் கருவி உள்ளே போக வழி கிடைக்கும்.

ரோம் நகர மருத்துவமனைகளில் 288 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2023இல் 'லான்செட்' இதழில் வந்தது. ஓராண்டில், அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 56, 57 பேருக்கு ஈரல் அழற்சி நீங்கியிருந்தது. உணவு, உடற்பயிற்சி, மருந்து என்று இருந்தவர்களில் 16 பேருக்குத்தான். மீதி நாற்பது சொச்சம் பேரைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். வயிற்றைக் கொடுத்தும் ஈரல் திரும்பாதவர்கள்.

எனக்குத் திரும்பியது. ஓராண்டில் 31 கிலோ போனது. ஃபைப்ரோஸ்கேனில் ஈரலின் விறைப்பு 11.2இலிருந்து 6.9 ஆனது. ஆயுளுக்கும் விட்டமின் மாத்திரை உண்டு. லெஸ்டர் கல்யாணத்தில் ஒரு இட்லியோடு எழுந்தால், "தம்பிக்குச் சாப்பாடு பிடிக்கலையோ" என்கிறார்கள். வயிற்றைக் குறைத்துக்கொண்டேன் என்றால் முகம் மாறுகிறது, ஏதோ குறுக்குவழியில் தேறியவனைப் பார்ப்பதுபோல. இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவரை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

போன மாதம் கோவில்பட்டியிலிருந்து தம்பி ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்பினான். ஃபேட்டி லிவர், கிரேடு 2. "அம்மாகிட்ட சொல்லாதண்ணே, குடிக்கிறேன்னு நினைச்சிடுவா." அன்றே அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்த டாக்டர் இங்கயும் இருக்காரா?" என்றாள்.