அந்தியூர் குதிரைச் சந்தையில் குனிந்து பாருங்க!

ஈரோட்டிலிருந்து பவானி வழியாக அந்தியூருக்குப் போகும் பஸ்ஸில் ஆடி மாதத்தில் மட்டும் ஒரு தனிக் கூட்டம் இருக்கும். எல்லோரும் இறங்குமிடம் புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில். வனக்கோயில் தேர்த்திருவிழாவையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தையில் பர்கூர் செம்மறை மாடு, காங்கேயம் காளை, ஆடு என எல்லாம் உண்டு. ஆனால், கூட்டம் மொய்ப்பது குதிரைகளைச் சுற்றித்தான். மார்வாரி, கத்தியவார், வெள்ளை வெளேரென்ற நொக்ரா என வரிசையாகக் கட்டியிருப்பார்கள். மேளம் அடித்தால் காலைத் தூக்கி ஆடும் குதிரைக்கு விலை தனி.

நான் போனபோது, ஒரு பெரியவர் குதிரையின் முகத்தைப் பார்க்காமல் காலடியில் குந்தி உட்கார்ந்து குளம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். விலை பேசிக்கொண்டிருந்த இளைஞரிடம், ''கண்ணு, இது வேண்டாம் சாமி. குளம்புல வளையம் வளையமா இருக்குது பாரு. முன்னாடி நெருக்கமா, குதிங்கால் பக்கம் அகலமா விரியுது. இதுக்கு ஒருக்கா குளம்பு நோவு வந்து போயிருக்குது'' என்றார்.

தனியாக அழைத்துப் பேசினேன். ''எங்கிட்டயும் ஒரு பெட்டைக் குதிரை இருந்துச்சுங்க. ராத்திரி கயித்தை அவுத்துக்கிட்டுப் போயி கம்பு மூட்டையில வாயை வெச்சிருச்சு. மூணாம் நாள் முன்னங்காலை முன்னாடி நீட்டி, பாரத்தைப் பின்னாடி சாய்ச்சு நின்னுச்சு. பிடிப்புன்னு நெனைச்சு, நடந்தா சரியாப் போயிரும்னு ரெண்டு நாள் நடக்க வெச்சேன். அதுதான் நான் செஞ்ச பாவம். டாக்டர் வந்தப்போ உள்ளே எலும்பு சாஞ்சிருச்சு'' என்றவர், அதற்கு மேல் பேசவில்லை.

நகமும் சதையும்

நடந்தது என்ன என்று கால்நடை மருத்துவரான நண்பரிடம் கேட்டேன். ''நகமும் சதையும் போலத்தான் குளம்பும் உள்ளே இருக்கும் எலும்பும். இரண்டையும் மெல்லிய மடிப்புத் திசுக்கள் பிணைத்திருக்கும். தானியத்தை அளவுக்கு மீறித் தின்றால் குடலில் நஞ்சு உண்டாகி, அந்தப் பிணைப்பு வீங்கிப் பிடி விட்டுவிடும். இதுதான் 'லேமினைட்டிஸ்'. அதே நேரத்தில், காலின் பின்பக்கம் ஓடும் தசைநாண் அந்த எலும்பைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். ஒருபக்கம் பிடி தளர, மறுபக்கம் இழுவை. எலும்பு சாய்ந்து, முற்றினால் உள்ளங்குளம்பையே துளைத்துவிடும்'' என்றார்.

இந்த இழுவையைக் குறைக்க, தசைநாணையே வெட்டிவிடும் அறுவை சிகிச்சை முன்பிருந்தே உண்டு. வெட்டாமலே தளர்த்த முடியுமா என்று யோசித்ததில் வந்ததுதான் தசை தளர்த்தும் ஊசி. முகச்சுருக்கத்துக்குப் போடும் 'போட்டாக்ஸ்' என்ற அதே 'பொட்டுலினம்' மருந்தை, முன்னங்காலின் மேல்பகுதியில் அந்தத் தசைநாணை இழுக்கும் தசையில் போடுகிறார்கள். நரம்பின் கட்டளை தசைக்குப் போகாமல் இது தடுக்கும். தசை தளர, இழுவை குறையும். சில மாதங்களில் மருந்தின் வேகம் தானாகக் குறைந்துவிடும்.

அமெரிக்காவில் குளம்பு நோய் கண்ட சில குதிரைகளுக்கு இதைப் போட்டுப் பார்த்த ஆய்வு 2009-ல் வெளியானது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் நோயில்லாத குதிரைகளுக்குப் போட்டு, தசை தளர்வதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால், இது இன்னும் பரவலான சிகிச்சை ஆகவில்லை. வீக்கத்தை ஆற்றும் மருந்தும் அல்ல. துணை சிகிச்சை மட்டுமே. ஊசி வேலை செய்யத் தொடங்கவே சில நாள்கள் ஆகும் என்பதால் முதலுதவிக்கும் உதவாது. அடிப்படையில் இது கொடிய நஞ்சு. அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து என்பதால் யாரும் தாமாகப் போடக் கூடாது.

முதல் இரண்டு நாள்தான் முக்கியம்

குதிரை வைத்திருப்பவர்கள் கையில் இருப்பது இதுதான்:

* குளம்பில் சூடு, கணுக்காலுக்குப் பின்புறம் பலமான துடிப்பு, திரும்பும்போது தயக்கம்... இவை தெரிந்தால் உடனே மருத்துவரை அழையுங்கள். தமிழக அரசின் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.
* மருத்துவர் வரும்வரை குளம்புகளை ஐஸ் தண்ணீரில் நிறுத்துங்கள்.
* நடக்க வைக்காதீர்கள். கனமாக மணல் பரப்பி நிறுத்துங்கள்.
* தானியத்தை நிறுத்தி, காய்ந்த புல் மட்டும் கொடுங்கள்.
* தானியம் அதிகம் தின்றது தெரிந்தால், நொண்டும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றே சொல்லுங்கள்.

சாயங்காலம் கிளம்பும்போது அந்தப் பெரியவரைத் திரும்பப் பார்த்தேன். ''குதிரை வாங்கலீங்களா?'' என்றேன். ''இல்லீங்க. வருசா வருசம் வருவேன். நாலு பேருகிட்ட, குனிஞ்சு குளம்பைப் பாருங்கன்னு சொல்லிட்டுப் போவேன்'' என்றார்.

அடுத்த ஆடிக்கு அந்தியூர் போனால், நீங்களும் குனிந்து பாருங்கள்.