அத்தையின் முறைக் கணக்கு

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் யார் யாருக்கு என்ன முறை என்று எங்கள் அத்தையைத்தான் கேட்பார்கள். அதே கறாரை அத்தை சினிமாவிலும் காட்டும். படம் தொடங்கிக் கால்மணி நேரத்தில் தீர்ப்பு வந்துவிடும்: "ஏப்பா, இவ அவனுக்குப் பொண்டாட்டி முறையில்ல, இங்க எப்பிடி ஆத்தாளா வந்து நிக்கிறா?"

தென்மாவட்டங்கள் பலவற்றுக்குத் தூர்தர்ஷன் எங்கள் கொடைக்கானல் கோபுரத்திலிருந்துதான் போனது. அடிவாரத்தில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தபோது எங்களுக்குப் படம் பளிச்சென்று தெரியும். மலைக்காரர்களுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஞாயிறு சாயங்காலம் பழைய படம் போடுவார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு தெருவே எங்கள் வீட்டில் கூடும். நடுவில் கணப்புச்சட்டி, மடியில் வறுகடலை. வேறு சேனல் கிடையாது. சுமாரான படமானாலும் எல்லாரும் முழுதாகப் பார்த்தோம். அதனால் எல்லா முகங்களும் எல்லாருக்கும் ஞாபகமிருந்தன.

'தெய்வமகன்' (1969) போட்டால் அத்தைக்குத் திண்டாட்டம். அப்பாவும் சிவாஜி, இரண்டு மகன்களும் சிவாஜி. பண்டரிபாய் ஒரு சிவாஜிக்கு மனைவி, மற்ற இருவருக்கும் தாய். 'பராசக்தி'யில் (1952) அதே சிவாஜிக்கு ஜோடியாக வந்தவர். "ஒரே வீட்டுக்குள்ள எத்தனை முறைதான் மாத்துவாக!" என்று கன்னத்தில் கைவைத்துக்கொள்ளும்.

ஸ்ரீவித்யா விஷயம் இன்னும் சிக்கல். 'அபூர்வ ராகங்கள்' (1975) கதையே வேதாளம் விக்கிரமாதித்தனிடம் போட்ட உறவுமுறைப் புதிர்தான். அதில் கமல் அவரைக் காதலிப்பார். பிரிந்துபோன கணவனாக வந்து கேட்டைத் திறப்பார் ரஜினி. பதினான்கு வருடம் கழித்து, 1989-இல், அதே ஸ்ரீவித்யா 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் கமலுக்கு அம்மா. தலைப்பில்கூட 'அபூர்வ' ஒட்டிக்கொண்டு வந்தது. அதே வருடம் 'மாப்பிள்ளை'யில் ரஜினிக்கு மாமியார். 1991-இல் 'தளபதி'யில் அவருக்கே தாய். நிஜத்தில் மகனைவிடத் தாய் இரண்டரை வயது இளையவர்!

ஸ்ரீதேவிக்கு முறை எதிர்த்திசையில் போனது. 'மூன்று முடிச்சு' (1976) படத்தில், பதின்மூன்று வயதில், ரஜினிக்குச் சித்தி. 'ஜானி'யில் (1980) காதலி. இதை மட்டும் அத்தை கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

'தளபதி' வந்த 1991 தீபாவளிக்குத்தான் 'குணா'வும் வந்தது. எங்கள் மலையில் எடுத்த படம். டெவில்ஸ் கிச்சன் என்று இருந்த இடம் அதற்கப்புறம் குணா குகை ஆகிவிட்டது. ஊரெல்லாம் குகையைப் பேசியபோது அத்தை கமலின் அம்மாவைப் பற்றிப் பேசியது. அது எஸ்.வரலட்சுமி. 'வீரபாண்டிய கட்டபொம்ம'னில் (1959) கட்டபொம்மன் மனைவி ஜக்கம்மாளாக வந்தவர். "கட்டபொம்மன் பொண்டாட்டியப்பா அது" என்று தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லியது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'அவ்வை சண்முகி' (1996). 'களத்தூர் கண்ணம்மா'வில் (1960) பொடியன் கமலுக்கு ஜெமினி கணேசன்தான் அப்பா. முப்பத்தாறு வருடம் கழித்து, மாமி வேஷத்தில் மடிசார் கட்டி வந்த அதே பிள்ளையிடம் ஜெமினி மனசைப் பறிகொடுத்து நிற்கிறார். தியேட்டரில் அத்தை கண்ணீர் வரச் சிரித்தது. பக்கத்து வரிசைக்காரர்களுக்குக் காரணம் புரியவில்லை. அதற்குள் கேபிள் வந்து, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் கலைந்துவிட்டிருந்தது.

இதையெல்லாம் தற்செயல் என்று முழுக்கத் தள்ளிவிட முடியாது. நம் சினிமாவில் கதாநாயகிக்குத்தான் வயதாகும். முப்பத்தைந்தைத் தாண்டியதும் நரையை ஒட்டி அம்மாவாக்கி விடுவார்கள். நாயகர்கள் தீபாவளிக்குத் தீபாவளி இளமையாகவே வந்துகொண்டிருப்பார்கள். அத்தையின் கேலிக்குள் அந்தக் கோபமும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

இப்போது நான் கையகலத் திரையில் தனியாகப் படம் பார்க்கிறேன். இன்ன நடிகர் இன்ன படத்தில் யார் என்று தேடினால் நொடியில் விடை வருகிறது. "அடப்பாவி!" என்று தொடையில் அடித்துச் சிரிக்கத்தான் பக்கத்தில் ஆளில்லை. உங்கள் வீட்டில் அப்படியொரு அத்தை இன்னும் இருந்தால், வருகிற ஞாயிறு 'தெய்வமகன்' போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். நடுவில் பேசினால் தடுக்காதீர்கள்.