கீழே விழுந்த இலையைப் பெருக்கித் தள்ளாதீர்கள்



போன வாரம் மொட்டை மாடித் தொட்டிகளின் படத்தைப் போட்டதிலிருந்து ஒரே கேள்வி: "டீச்சர், இத்தனை செடி எங்கே வாங்கினீங்க?" வாங்கியது மூன்றே மூன்று. பாக்கி எல்லாம் உதிர்ந்த இலையிலிருந்து வந்தவை. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுத விரல் வலிக்கிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு இது பழைய பாடம்தான். உடல இனப்பெருக்கம் நடத்தும்போது ஆளுக்கொரு ரணகள்ளி இலை கொடுப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? 'கட்டிப்போட்டால் குட்டி போடும்' என்று நம் மக்கள் பெயர் வைத்த செடி. நூலில் கட்டித் தொங்கவிட்டால் போதும், இலை ஓரத்தில் குட்டிகள் முளைக்கும். இப்போது நர்சரிகளில் சக்குலென்ட் என்று விற்கும் எச்செவேரியா, ஜேட், சீடம் எல்லாம் அதற்குப் பங்காளிகள், ஒரே குடும்பம். ஆனால் இவற்றுக்குக் குட்டி வருவது ஓரத்தில் இல்லை, இலை தண்டோடு ஒட்டியிருந்த அடிப்பகுதியில்.

அதனால் அந்த அடி முழுசாக இருக்க வேண்டும். நீங்களே எடுப்பதானால் இலையை இடமும் வலமும் மெல்ல அசைத்து எடுங்கள். பாதியில் பிய்ந்தால் பெரும்பாலும் அழுகிவிடும்.

எடுத்ததும் மண்ணில் வைக்காதீர்கள். நிழலில் ஒரு தாளின்மேல் மூன்று நான்கு நாள் கிடக்கட்டும், காயம் ஆறித் தோல் கட்டும். பிரியாணி வாங்கிய டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, பாதி மணலும் பாதி செம்மண்ணும் நார்த்தூளும் கலந்து நிரப்புங்கள். இலையைப் புதைக்காமல் மேலே படுக்க வையுங்கள். வெளிச்சம் வேண்டும், உச்சி வெயில் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் இளஞ்சிவப்பாக வேர் எட்டிப் பார்க்கும். அதன் பிறகு, மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். பாசத்தில் தினமும் ஊற்றினால் செடி செத்துப்போகும்.

குட்டி வளர வளரத் தாய் இலை சுருங்கும். அழகாக இல்லையே என்று பிய்க்க வேண்டாம். தன்னிடம் உள்ள நீரையும் சத்தையும் குட்டிக்குக் கொடுத்துத்தான் அது சுருங்குகிறது. சருகானதும் தானே விலகிவிடும்.

நம் தண்டலம் பக்கம் தை, மாசி நல்ல காலம். ஐப்பசி மழையில் அழுகும், சித்திரை வெயிலில் கருகும். கற்றாழை இலையை வைத்துக் காத்திருக்காதீர்கள், அதற்குப் பக்கக் கன்றுதான். ஸ்நேக் பிளாண்ட் இலைத் துண்டிலிருந்து வரும். ஆனால் மஞ்சள் கரை போட்ட வகையை வைத்தால் குட்டி கரையில்லாமல் வெறும் பச்சையாக நிற்கும்.

ஒரு கதையும் சொல்ல வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன், ஜெர்மானியர். அவரும் ஒரு கம்பெனிக்காரர்தான்! ரணகள்ளி இலையை மென்று பார்த்திருக்கிறார். காலையில் புளிப்பு, நடுப்பகலில் சுவையே இல்லை, சாயங்காலம் லேசான கசப்பு. 1815இல் அவர் குறிப்பு லண்டனில் அச்சானது. காரணம் பின்னாளில் தெரிந்தது. நீர் வீணாகாமல் இருக்க இந்தச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கின்றன. இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேர்த்து வைக்கின்றன. பகல் வெளிச்சத்தில் அதைச் சர்க்கரையாக்குகின்றன.

மாடி போர்ஷனில் குடியிருந்த பெண்ணிடம் இதைச் சொன்னேன். திருவண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளை, கம்பெனியில் ஒப்பந்த வேலை. "அப்போ இதுக்கும் நைட் ஷிப்ட் தானாம்மா?" என்று சிரித்தாள். மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே மாடிக்குப் போய் இலை நுனியைக் கடித்துவிட்டு, "புளிக்குதும்மா!" என்று கத்தினாள். துப்பு, விழுங்காதே என்றேன். தூங்கி எழுந்து மூன்று மணிக்கு மறுபடி கடித்தாள். சப்பென்று இருந்ததாம். முப்பது வருடம் பாடம் நடத்தினேன், பரிசோதித்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான்.

பொங்கலுக்கு முந்தின வாரம் அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. இரண்டு நாள் வீட்டுக்குச் சொல்லாமல், பஸ் வரும் நேரத்தில் மாடியில் போய் உட்கார்ந்திருந்தாள். அவள் அனுப்பும் பணத்தில்தான் தம்பி ஐ.டி.ஐ. படிக்கிறான். மூன்றாம் நாள் என் போனிலிருந்தே அவள் அம்மாவிடம் பேசினாள். அந்த அம்மா திட்டவில்லை. "சாப்பிட்டியா? கிளம்பி வா" என்று மட்டும் சொன்னார்.

போகும்போது பன்னிரண்டு இலைகளைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தேன். நேற்று படம் அனுப்பியிருக்கிறாள். ஐந்து வேர் விட்டிருக்கிறது. வேலை இன்னும் அமையவில்லை.

உங்களில் பலர் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் இன்று பொறுப்பில் இருக்கிறீர்கள். பிளஸ் டூ முடித்து, இரண்டு வருட அனுபவம் உள்ள, எதையும் சோதித்துப் பார்க்கிற பிள்ளை. முடிந்தால் நிரந்தர வேலையாகப் பாருங்கள். தகவல் இருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள்.

இலை வேண்டுபவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் வாருங்கள், டப்பா நீங்களே கொண்டு வர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்