மரணப் பள்ளத்தாக்கின் ஏற்றத்திலே

அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே மரணப் பள்ளத்தாக்கு என வழங்கும் பாலைநிலம் ஒன்று உண்டு. அதன் மிகத் தாழ்ந்த இடம் கடல் மட்டத்திற்கு 282 அடி கீழே கிடக்கின்றது. 1913ஆம் ஆண்டு யூலை 10ஆம் திகதி அங்கே பதிவான வெப்பம் 134 பாகை பரனைற்று. உலகப் பதிவேடுகளில் இன்றும் அதுவே முதலிடம் வகிக்கின்றது.

அந்நிலத்தை நாம் கண்டது ஒரு சித்திரை மாதத்தில். அக்காவும் அத்தானும் பிள்ளைகள் இருவரும் உடன்வர, அத்தானின் பழைய வீட்டு வானிற் சென்றோம். படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி யாவும் உள்ளடங்கிய அவ்வண்டிக்கு நாற்பது வயதுக்கு மேலாகிவிட்டது. அதன் முகப்பிலே பிற்காலத்திற் பொருத்திய வட்டமான வெப்பமானி ஒன்று இருந்தது. கியர்ப்பெட்டி எண்ணெயின் சூட்டை அது காட்டும். முன்னொரு பயணத்திற் கியர்ப்பெட்டி கருகி, அத்தானின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிய பின்னர் வந்த அறிவு அது.

தானாக மாறும் கியர் எவ்வாறு சூடேறுகின்றது? இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால், அதன் காற்றினால் மற்றையதும் சுழலும் அன்றோ? கியர்ப்பெட்டியிற் காற்றுக்குப் பதிலாக எண்ணெய். எஞ்சின் சுழற்றும் சக்கரம் எண்ணெயை வீச, அது மற்றைச் சக்கரத்தைத் திருப்புகின்றது. ஏற்றத்திற் பாரம் மிகும்போது இரண்டாஞ் சக்கரம் பின்தங்கும். வீணாகும் வலு எண்ணெயிற் சூடாகச் சேரும். 175 பாகை நல்ல சூடு. 240ஐத் தாண்டினால் எண்ணெய் கெடத் தொடங்கும். 260 அளவில் இறப்பர் வளையங்கள் இறுகும். எஞ்சின் நீரின் சூட்டைக் காட்டும் முள்ளோ இதனைச் சொல்லாது.

பிற்பகல் நான்கு மணிக்கு ஸ்ரோவ்பைப் வெல்ஸ் என்னுமிடத்திலிருந்து புறப்பட்டோம். கடல் மட்டத்தை ஒட்டிய அவ்விடத்திலிருந்து மேற்கே சுமார் 17 மைலில் ரவுன் கணவாய். அதன் உயரம் 4,956 அடி. நுவரெலியா இதனிலும் உயர்ந்ததுதான். ஆயினும் அங்கே வளைவுகள் நம்மை மெதுவாக்கி எச்சரிக்கும். இங்கே பாதை நேராகக் கிடப்பதால், ஏறுகின்றோம் என்பதே கண்ணுக்குத் தெரிவதில்லை.

பன்னிரண்டு வயது மருமகள் மைலுக்கொருமுறை முள்ளின் அளவைக் கொப்பியிற் குறித்துவந்தாள். தொடக்கத்தில் 185. ஒன்பதாம் மைலில் 230.

"அப்பா, மைலுக்கு ஐந்து பாகை ஏறுகிறது. இன்னும் எட்டு மைல் இருக்கிறது. உச்சியில் 270 வரும்," என்றாள்.

"அந்த முள் கொஞ்சம் கூடத்தான் காட்டும்," என்றார் அத்தான். இருட்டுமுன் கணவாயைத் தாண்டிவிட வேண்டுமென்பது அவர் எண்ணம். தாம் பேணிய வண்டியைப் பிள்ளை குறைகூறுவதாகவும் நினைத்தார் போலும். சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

"பிள்ளை சொல்லுறதைக் கேளுங்கோ," என்றார் அக்கா.

எமிகிரன்ற் என்னுந் தங்குமிடம் அப்போது வலப்புறம் தென்பட்டது. அத்தான் வண்டியைத் திருப்பினார். கைத்தடையை இழுத்து, சில்லுகளுக்குக் கல் வைத்து, கியரை நடுநிலையில் விட்டு, எஞ்சினைச் சற்று விரைவாக ஓடவிட்டார். சூடேறிய உடனே எஞ்சினை நிறுத்தினால் எண்ணெய் குளிர்குழாய்களில் ஓடாது; நின்ற இடத்திலேயே வெந்துகொண்டிருக்கும். முள் மெல்ல இறங்கியது. அக்கா தேநீர் வைத்தார்.

எமிகிரன்ற் என்றால் குடிபெயர்ந்தவர் என்று பொருள். 1849ஆம் ஆண்டின் இறுதியிலே பொன் தேடிப் புறப்பட்டு இப்பள்ளத்தாக்கிற் சிக்கியவருள் ஒரு கூட்டத்தார், தம் வண்டிகளை எரித்து, எருதுகளின் இறைச்சியை உலர்த்தி எடுத்துக்கொண்டு, இம்மலைகளைக் கால்நடையாகத் தாண்டினர். அக்கதையைக் கேட்ட சிறுவன், "நம் வண்டியையும் எரிப்போமா?" என்றான். அத்தானும் சிரித்துவிட்டார்.

ஞாயிறு மலைக்குப் பின் மறைந்தபின் புறப்பட்டோம். முள் 180இல் நின்றது. எஞ்சியது முன்னதிலும் செங்குத்தான ஏற்றம். குளிர்சாதனத்தை நிறுத்தி யன்னல்களைத் திறந்தோம். அதன் வெப்பமும் றேடியேற்றருக்கு முன்னேதான் வெளிப்படும். இரண்டாங் கியரில் மெதுவாக ஏறினோம். அக்கியரில் எஞ்சின் இரைந்தாலும், எண்ணெயின் நழுவல் குறையும். பம்பியும் விரைந்து ஓடும். இருளில் மருமகள் ஒவ்வோர் அளவாகக் கூறிக்கொண்டே வந்தாள்: 195, 205, 210. கணவாயில் 215.

அங்கே இறங்கி நின்றோம். குளிர்ந்த காற்று வீசியது, வானமெங்கும் விண்மீன்கள். பின்னர் தடையை ஓயாது மிதியாமற் கீழ்க்கியரிலேயே பனமின்ற் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கினோம்.

மறுநாட் காலையிற் சாவியைத் திருப்புமுன் அத்தான் பின்னாற் பார்த்து, "பிள்ளை, கொப்பியை எடுத்தாயா?" என்றார்.