'எவ்வளவு?' என்று எழுத மறந்தேன்!

பிளஸ் ஒன் படிக்கும்போது எனக்குப் பிடிக்காத எழுத்து ஒன்று இருந்தது. 'கே'.

"ஸ்பிரிங்கை இழுக்கும் விசை, அதன் நீட்சிக்கு நேர்விகிதத்தில் இருக்கும்" என்பார் சார். புரியும். அடுத்த வரியில் நேர்விகிதக் குறியை அழித்துவிட்டு சமக்குறி போடுவார். கூடவே ஒரு 'கே' முளைத்திருக்கும்.

"இது எங்கிருந்து சார் வந்துச்சு?"

"விகித மாறிலிம்மா. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். மார்க் வந்தது, புரியவில்லை. பல வருடம் கழித்துப் புரியவைத்தது அம்மா.

டிஜிட்டல் டெஸ்க்கில் சேர்ந்த புதிதில், உப்பு கூடினால் பி.பி. கூடும் என்று ஒரு கட்டுரை எழுதினேன். நான் எழுதுவதை ஒரு வரி விடாமல் படிப்பவர் அம்மா. பி.பி-க்கு மாத்திரையும் சாப்பிடுகிறார். அன்றிலிருந்து அவர் தட்டில் உப்பே கிடையாது. மூன்றாவது வாரம், தலை சுற்றுகிறது என்று அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ரத்தப் பரிசோதனையில் சோடியம் குறைந்திருந்தது. அவர் சாப்பிடும் மாத்திரையும் உப்பை வெளியேற்றும் வகை. "குறைக்கத்தானே சொன்னேன், நிறுத்தச் சொல்லலையே?" என்றார் டாக்டர். "இவதான் டாக்டர் எழுதியிருந்தா" என்று அம்மா என்னைக் கைகாட்டினார்.

"எவ்வளவுன்னு எழுதினியாம்மா?"

எழுதவில்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது என் குறிப்பில் இருந்தது. கட்டுரை நீளுகிறதே என்று நானேதான் வெட்டினேன்.

அன்று ராத்திரிதான் 'கே' நினைவுக்கு வந்தது. ராபர்ட் ஹூக் 1678-ல் வெளியிட்ட ஸ்பிரிங் விதி, பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்குக்கும் பைக்கின் ஷாக் அப்சார்பருக்கும் ஒன்றுதான். இரு மடங்கு இழுத்தால் இரு மடங்கு நீளும். ஆனால், எவ்வளவு இழுத்தால் ஒரு சென்டிமீட்டர் நீளும்? அதை விதி சொல்லாது. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் அளந்து பார்த்துச் சொல்ல வேண்டியது 'கே'. அந்த 'எவ்வளவு' கிடைத்தால்தான் சமக்குறி போட முடியும்.

நியூட்டன் ஈர்ப்பு விதியை வெளியிட்டது 1687-ல். எந்த இரண்டு பொருள்களும் ஒன்றையொன்று ஈர்க்கும் என்றார். ஆய்வுக்கூடத்தில் அந்த 'எவ்வளவு' அளக்கப்பட 111 வருடம் ஆனது. 1798-ல் ஹென்றி கேவண்டிஷ், தலா 158 கிலோ எடையுள்ள இரண்டு ஈயக் குண்டுகள் இரண்டு சிறிய குண்டுகளை ஈர்ப்பதை அளந்தார். உள்ளே போனால் காற்று அசைந்து கணக்கைக் கெடுத்துவிடும் என்று, அறைக்கு வெளியே நின்று தொலைநோக்கியில் பார்த்தார். அவர் தேடியது பூமியின் அடர்த்தியை. ஈர்ப்பியல் மாறிலியின் மதிப்பும் அந்த அளவீட்டிலேயே அடங்கியிருந்தது. ஒரு மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு ஒரு கிலோ கற்களுக்கு நடுவே உள்ள ஈர்ப்பு, ஒரு கொசுவின் எடையில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை! பக்கத்தில் இருக்கும் நாற்காலி நம்மை இழுப்பது ஏன் தெரிவதில்லை என்பதற்கு அந்தச் சின்ன எண்தான் பதில்.

உடம்பு ஸ்பிரிங் இல்லை. உப்புக்கும் பி.பி-க்கும் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே 'கே' கிடையாது. வயது, சிறுநீரகம், சாப்பிடும் மாத்திரை என்று ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் டாக்டர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அளந்து பார்க்கிறார். ஸ்பிரிங்குக்கே ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டி இழுத்தால் பழைய நிலைக்குத் திரும்பாது.

அம்மா திரும்பிவிட்டார். இப்போது டாக்டர் சொன்ன அளவில், ஸ்பூனால் அளந்து உப்புப் போடுகிறார். நானும் 'கூடும்', 'குறையும்' என்று எழுதும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நிறுத்தி, பக்கத்தில் ஓர் எண் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

போன வாரம் அம்மாவிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் ஃபார்வேர்டு. ஏதோ ஒரு தண்ணீர் குடித்தால் சுகர் குறையுமாம். கீழே அவரே டைப் செய்திருந்தார்:

"எவ்வளவுன்னு போடலை. நம்பாதே."