‘சான்றிதழ் செல்லாது’ என்றது லேப்டாப்

அடி அண்ணாமலையில் பௌர்ணமி இரவன்று கம்ப்யூட்டர் ரிப்பேரில் இறங்கக் கூடாது. இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், எங்கள் ஊர் அந்தப் பாதையிலேயே இருக்கிறது. லட்சக்கணக்கான பேர் நடக்கும்போது அத்தனை பேர் கையிலும் செல்போன் இருக்கும். டவர் திணறும். நெட் நாலு கட்டம் காட்டும், ஒரு பக்கம்கூடத் திறக்காது.

அப்படி ஒரு பௌர்ணமி ராத்திரி ஒன்பது மணிக்குக் காலனியிலிருந்து ஒரு தங்கச்சி லேப்டாப்பைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். கல்லூரி முதலாம் ஆண்டு. “ண்ணா, ஸ்காலர்ஷிப்புக்கு நாளைக்குக் கடைசி தேதிண்ணா. ஆன் பண்ணா கறுப்பா எழுத்தா வருது.” மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருந்தாள்.

நாங்கள் என்றால் நாலு பேர். ஒருவர் பெயின்டர், ஒருவர் வரலாறு படித்தவர், இருவர் கிடைத்த வேலைக்குப் போகிறவர்கள். யாரும் கம்ப்யூட்டர் படித்ததில்லை. எங்கள் வீடுகளுக்குள் முதல் கம்ப்யூட்டர் வந்ததே அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பாகத்தான். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டம் அது. அதில் விண்டோஸுக்குப் பக்கத்தில் ‘பாஸ்’ என்ற லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. அது எதற்கென்று எங்களுக்குத் தெரியாது. சிலர் இடம் போதவில்லை என்று அதை அழித்துவிட்டு சினிமா ஏற்றிக்கொண்டோம்.

லினக்ஸ் பக்கம் எங்களைத் தள்ளியது ஒரு இழப்பு. பஞ்சமி நிலம் சம்பந்தமாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கிய பதில்களை ஒரு லேப்டாப்பில் ஸ்கேன் செய்து வைத்திருந்தோம். அது ஒருநாள் ஓடவில்லை. டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். “எந்தப் பக்கம், ஊரா காலனியா?” என்று கேட்டுவிட்டுத்தான் மிஷினை வாங்கினார்கள். மறுநாள் சுத்தமாக ஃபார்மட் செய்து கொடுத்தார்கள். அத்தனை பதில்களும் போயின. 1892-ல் எழுதிக் கொடுத்த நிலத்தைத் தேடுகிற நமக்கு ஒவ்வொரு காகிதமும் எவ்வளவு பெரிது என்று இதைப் படிக்கிற தோழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒரு பென்டிரைவில் லினக்ஸை எழுதி, அதிலிருந்தே மிஷினைக் கிளப்பி, உள்ளே இருக்கும் கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கு எடுத்துவிடலாம் என்பது அதற்கப்புறம்தான் எங்களுக்குத் தெரியவந்தது. ஹார்ட் டிஸ்க் உயிரோடு இருந்தால் போதும், பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை அன்றைக்கு யாரும் செலவழிக்கவில்லை. அதனால் எந்த லேப்டாப் வந்தாலும் முதலில் கோப்புகளைக் காப்பி எடுப்போம், மற்றதெல்லாம் பிறகு.

தங்கச்சியின் லேப்டாப் ரொம்பப் பழையது, இரண்டு ஜிபி ராம். நாங்கள்தான் அதில் ஆன்டிஎக்ஸ் என்ற இலகுவான லினக்ஸைப் போட்டுக் கொடுத்திருந்தோம். முதலில் அவளுடைய கோப்புகளைப் பென்டிரைவுக்கு எடுத்துவிட்டு, திரும்ப ஆன் செய்தோம். கடைசி வரியில் எஃப்எஸ்சிகே-வை நீங்களே ஓட்டுங்கள் என்று ஆங்கிலத்தில் வந்து நின்றது. சாயங்காலம் கரண்ட் போய் வந்தது, அதில்தான் டிஸ்க் கெட்டிருக்கும் என்று நாங்களாக முடிவு கட்டினோம். எஃப்எஸ்சிகே ஓட்டினோம், சரியானது. இருக்கிற ஒரே பிளக்கில் போனைப் போட லேப்டாப் ஒயரைக் கழற்றினோம். அதன் பேட்டரி செத்து நாளாகிறது, உடனே அணைந்தது. மறுபடி ஆன் செய்தால் அதே கறுப்புத் திரை.

எங்கள் எல்லோரிடமும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தமிழ் வழியில் படித்தவர்கள் நாங்கள், திரை நிறைய ஆங்கிலம் வந்தால் கண் தானாகக் கடைசி வரிக்கு ஓடிவிடும். மேலே இருப்பது நமக்கில்லை என்ற நினைப்பு. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பழகிய நினைப்பு அது. இரண்டாம் தடவை அந்தத் தங்கச்சிதான் மேல் வரியிலிருந்து சத்தம் போட்டு, எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தாள். இந்த டிஸ்க் கடைசியாக இணைக்கப்பட்ட நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது.

டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை, கடிகாரம்தான் கெட்டிருந்தது. மதர்போர்டில் காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கும். மிஷின் அணைந்திருக்கும்போது தேதியை ஞாபகம் வைத்திருப்பது அதுதான். அது தீர்ந்துபோனதால் கரண்ட் இல்லாதபோதெல்லாம் லேப்டாப் 2009 ஜனவரி 1-க்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நேற்று வரை ஓடிய டிஸ்க் 2009-ல் இருக்கும் மிஷினுக்கு எதிர்காலமாகத் தெரிந்திருக்கிறது. நெட்டிலிருந்து நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் சேவை இருந்திருந்தால் நெட் கிடைத்ததும் கடிகாரம் சரியாகியிருக்கும். வேகம் கிடைக்கட்டும் என்று அதை அணைத்து வைத்தது நாங்களேதான்.

ஒருவழியாக உள்ளே போய், போனை யூஎஸ்பி ஒயரில் இணைத்து நெட் கொடுத்து, பிரவுசரைத் திறந்தோம். எந்தத் தளமும் திறக்கவில்லை. சான்றிதழ் செல்லாது என்றது. கடிகாரத்தைத்தான் இன்னும் மாற்றவில்லையே! ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று. 2009-ல் நிற்கும் மிஷினுக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ்.

தங்கச்சி முகம் வெளுத்துவிட்டது. “எந்தச் சான்றிதழ்ண்ணா? சாதிச் சான்றிதழா?” என்றாள்.

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல் எங்கள் வீடுகளில் சும்மா காதில் விழுகிற சொல் இல்லை. தமிழ்நாட்டு அரசு வட்டாரத்தில் லினக்ஸைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் சி. உமாசங்கர், தலித் சமூகத்திலிருந்து வந்த ஐஏஎஸ் அதிகாரி. எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். லைசென்ஸுக்குக் கொட்டுகிற காசு மிச்சமாகும் என்று வாதாடினார். அதே மனிதரை 2010 ஜூலையில் இடைநீக்கம் செய்தார்கள். அவருடைய சாதிச் சான்றிதழ் போலி என்பது குற்றச்சாட்டு. தலித் அமைப்புகள் தெருவில் இறங்கின, பிறகு இடைநீக்கம் ரத்தானது. அவருடைய பிற்காலப் பேச்சுகள் எல்லாவற்றோடும் எங்களுக்கு உடன்பாடில்லை, அது வேறு கதை. ஆனால் இருபது வருடம் வேலை பார்த்த அதிகாரியிடமே அந்தக் காகிதத்தைக் காட்டு என்று கேட்க முடியும் என்றால், முதலாம் ஆண்டு படிக்கிற பிள்ளை பயப்படாமல் என்ன செய்வாள்?

டெர்மினலில் இரண்டே வரி. ‘டேட்’ கட்டளையால் அன்றைய தேதியையும் நேரத்தையும் கொடுத்தோம். ‘எச்டபிள்யூகிளாக்’ கட்டளையால் அதை மதர்போர்டு கடிகாரத்தில் எழுதினோம். காலையில் சரியாகக் கிளம்புமா என்று அவளுக்குச் சந்தேகம், அதனால் விடியும்வரை ஒயரைக் கழற்ற விடவில்லை. நெட்டுக்காகப் போனோடும் நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரோடும் மொட்டை மாடிக்கு ஏறினோம். கீழே பாதையில் அரோகரா சத்தம். மூன்று மணிக்கு மேல் கூட்டம் கொஞ்சம் குறைந்தது, பக்கம் திறந்தது. நாலேகாலுக்கு விண்ணப்ப எண் வந்தது. அதை அவள் போனில் படம் எடுத்தாள், நோட்டில் எழுதினாள், உள்ளங்கையிலும் எழுதிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து லேப்டாப்பைக் கழற்றினோம். சிஆர்2032 என்று போட்ட பேட்டரி, கடிகாரக் கடையில் சல்லிசாகக் கிடைக்கும். பல லேப்டாப்களில் அது ஒயரோடு ஒட்டியே வரும், கழற்றும்போது இழுத்துப் பிய்த்துவிடாதீர்கள். இந்த முறை ஸ்க்ரூ டிரைவர் பிடித்தது தங்கச்சிதான்.

பெங்களூரில் ஒரு குடிசைப் பகுதியில் அம்பேத்கர் பெயரில் ஒரு சமுதாயக் கணினி மையம் நடந்தது. பழைய கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் போட்டு அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், பிள்ளைகள் கிம்ப்பில் படம் வரைந்தார்கள். பக்கத்து விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களோடு வேலை செய்கிறது. எங்களிடம் இருப்பது ஒரு திண்ணை, மூன்று பென்டிரைவ், ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் உட்காருகிறோம். லேப்டாப் கொண்டுவருகிறவர்கள் சார்ஜரையும் எடுத்து வாருங்கள், திரையில் என்ன வந்தது என்று முதல் வரியிலிருந்து எழுதி வாருங்கள். பௌர்ணமி அன்று மட்டும் வேண்டாம்.