கையில் வயர் கூடை... காதில் வந்தியத்தேவன்!

மார்கழி பிறந்தால் போதும், ஸ்ரீரங்கத்து வீடுகளில் பரணில் கிடக்கும் பாயும் தலையணையும் கீழே இறங்கிவிடும். வைகுண்ட ஏகாதசியை ஒட்டிப் பகல் பத்து, இராப் பத்து என்று ஏறக்குறைய மூன்று வாரம் நீளும் திருவிழா அது. சொர்க்கவாசல் திறப்பைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஜனம் வரும். லாட்ஜில் ரூம் கிடைக்காது. அதனால் என்ன, உள்ளூரில் அண்ணன் வீடு இருக்கிறதே, சித்தி வீடு இருக்கிறதே! ஐந்து பேர் வசிக்கும் வீட்டில் ராத்திரியோடு ராத்திரியாகப் பதினைந்து பேர் படுத்திருப்பார்கள்.

வருகிறவர்களுக்கு அது திருவிழா. அடுப்படியில் நிற்பவருக்கு அது கணக்குப் பாடம். ஏகாதசியன்று யார் முழு விரதம், யாருக்குப் பலகாரம், எந்தக் குழந்தைக்கு வழக்கம்போலச் சாதம்? சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாதே, அவருக்கு என்ன? மறுநாள் துவாதசிக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் மூன்றும் வந்தாயிற்றா? விடியற்காலை வெந்நீருக்கு அடுத்த ஆள் யார்? இத்தனைக்கும் பதில் ஒரே ஒரு தலைக்குள் இருக்க வேண்டும்.

அப்படி ஒரு வீட்டின் மருமகள் அவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து ஒரு மார்கழிகூட இந்தக் கணக்கிலிருந்து அவருக்கு விடுமுறை கிடைத்ததில்லை. போன மார்கழியிலும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த மூன்று வாரத்துக்குள் தனக்கென்று இரண்டு காரியங்களைச் செய்து முடித்தார். ஒன்று, ஒன்றரை ரோலில் பச்சையும் வெள்ளையுமாக ஒரு வயர் கூடை. இன்னொன்று, 'பொன்னியின் செல்வன்' முதல் பாகமான 'புது வெள்ளம்'. படித்து அல்ல, கேட்டு!

வயர் கூடையைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இருக்காது. எழுபது, எண்பதுகளில் மார்க்கெட்டுக்குப் போனாலும் சரி, பஸ் ஏறி ஊருக்குப் போனாலும் சரி, கையில் அதுதான். மத்தியானச் சாப்பாட்டு டப்பா அதற்குள் சாயாமல் நிற்கும். கடைக்காரர்கள் சும்மா கொடுக்கிற பிளாஸ்டிக் பை வந்ததும் கூடை பரணுக்குப் போனது. 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் தடை வந்த பிறகு, பல வீடுகளில் அந்தக் கூடையைத் தூசி தட்டி எடுத்தார்கள். வயரும் பிளாஸ்டிக்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஒழுங்காகப் பின்னிய கூடை வருஷக் கணக்கில் உழைக்கும். கைப்பிடி போனால்கூட வேறு வயர் போட்டுக் கட்டிக்கொள்ளலாம்.

கூடையில் முதல் வேலை அளந்து வெட்டுவது. அடிக்கு எத்தனை வயர், ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிட வேண்டும். குறைத்து வெட்டினால் கூடை பாதி உயரத்தில் நின்றுவிடும். அடுத்தது அடிப்பாகம். அங்கே முடிச்சுகளை எண்ணி எண்ணிப் போட வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கூடை கோணிக்கொள்ளும். அடி முடிந்து சுவர் எழும்பத் தொடங்கிவிட்டால் பிறகு கைக்கு வழி தெரிந்துவிடும். மடி, நுழை, இழு. மறுபடி மடி, நுழை, இழு. சாதா முடிச்சானாலும் நெல்லிக்காய் முடிச்சானாலும் சிவன் கண் ஆனாலும், ஒரே அளவில் இழுத்துக்கொண்டே போனால் வரிசை மேல் வரிசையாக ஏறிவிடும்.

கதைக்கு ஏற்ற இடம் இந்தச் சுவர்தான் என்பது அவர் சொந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டது. எண்ணும்போது கதை கேட்கக் கூடாது. எண்ணிக்கையும் கதையும் ஒரே நேரத்தில் மனசுக்குள் நுழையப் பார்க்கும். இரண்டில் ஒன்று வெளியே நின்றுவிடும். அதனால் அடி போடும் நாட்களில் பழைய பாட்டு. சுவர் எழும்போது நாவல். மேல் விளிம்பில் வயர் நுனிகளை மடித்துச் சொருகும்போதும் கைப்பிடி போடும்போதும் மறுபடி பாட்டு. கம்பளி நூலில் ஸ்வெட்டர் பின்னுகிறவர்களைக் கேட்டால் அவர்களும் இதையேதான் சொல்வார்கள். நேராக ஓடுகிற வரிசைக்குக் கதை. டிசைன் மாறுகிற வரிசைக்கு மௌனம்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஹெட்செட்டை ஒரு காதில் மட்டும்தான் மாட்டிக்கொள்வார். மற்றக் காது குக்கர் விசிலுக்கு. ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வந்த வந்தியத்தேவன், இந்த வீட்டில் பால்காரருக்காகவும் கேஸ் சிலிண்டருக்காகவும், "அத்தே, என் டவல் எங்கே?" என்கிற குரலுக்காகவும் எத்தனையோ தடவை நின்று நின்றுதான் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தான். அவர் அதற்காக அலுத்துக்கொள்ளவில்லை. புத்தகமாக இருந்தால் விட்ட பக்கத்தைத் தேட வேண்டும். இதில் விட்ட வரியைப் பிடிக்க, பின்னால் போகும் பொத்தானை ஒரு தட்டு தட்டினால் போதும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், சாப்பாட்டுக் கடை ஓய்ந்து, பாதிப் பேர் தூக்கத்திலும் பாதிப் பேர் கோயிலிலும் இருக்கும் முக்கால் மணி நேரம்தான் அவருடையது. மூன்றாவது நாளே மாமியார் அதைக் கவனித்துவிட்டார். அவருக்கு எண்பது வயது. கண்புரை ஆபரேஷன் ஆகியும் சின்ன எழுத்தைப் படிக்க முடிவதில்லை.

"காதுல எதையோ மாட்டிக்கிட்டுத் தனியா சிரிக்கிறியேம்மா, என்ன அது?"

"பொன்னியின் செல்வன் அத்தை. ஆழ்வார்க்கடியான் வந்திருக்கான்."

"யாரு, தடியைத் தூக்கிக்கிட்டு வீர சைவர்கிட்ட சண்டைக்குப் போவானே, அவனா? சத்தமா வை, நானும் கேக்கறேன்."

அன்றிலிருந்து ஹெட்செட்டுக்கு வேலையில்லை. செல்போன் ஸ்பீக்கரில் வைத்து, எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்திவிட்டால் கூடம் முழுக்கக் கேட்கும். ஒரே ஒரு தொந்தரவு. "அடுத்து என்ன ஆகும்னு சொல்லட்டுமா?" என்பார் மாமியார். "ஐயோ, வேண்டாம் அத்தை!" என்று மருமகள் பதறுவார். இரண்டு நிமிஷம் கழித்து அவரே பாதியைச் சொல்லிவிடுவார்.

சொல்லாமல் இருக்க முடியாததற்குக் காரணம் இருந்தது. 1950-லிருந்து 1954 வரை 'கல்கி' இதழில் வாராவாரம் இந்தக் கதை வந்தபோது மாமியார் சின்னப் பெண். எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயசு. இதழ் வந்த அன்று ராத்திரி அவருடைய அப்பா அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் உரக்கப் படிப்பாராம். பாட்டி, அத்தைகள், பக்கத்து வீட்டார் எல்லோரும் கேட்பார்களாம். ஆக, மருமகளுக்குப் புதுசாகத் தெரிந்த ஆடியோ புத்தகம் மாமியாருக்குப் பழைய பழக்கம். அவருக்கு வந்தியத்தேவன் முதன்முதலில் காது வழியாகத்தான் வந்தான்.

யோசித்தால் இந்த ஊருக்கே அது பழக்கம்தான். பகல் பத்தில் அரையர்கள் கூம்புக் குல்லாய் அணிந்து, தாளம் தட்டி, திவ்யப் பிரபந்தப் பாசுரங்களைப் பாடி அபிநயம் பிடிப்பதை மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்கிற ஊர் இது. 1939-ல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையத்தின் நாடகங்களையும் ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரத்தையும் கேட்டபடியே வீட்டு வேலைகளை முடித்த தலைமுறைகள் இங்கே உண்டு. காதால் பெறும் அறிவுக்கு வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார்.

மாமியார் சொன்ன அந்த ராத்திரிக் காட்சியில் ஒரு விஷயம் மருமகளுக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. "அப்பா படிப்பார், தாத்தா ஈஸி சேரில் சாய்ந்துகிட்டுக் கேட்பார், அம்மா முறத்துல அரிசியில கல் பொறுக்கிக்கிட்டே கேட்பா." எல்லோரும் கேட்டது ஒரே கதைதான். கல் பொறுக்கிக்கொண்டே கேட்டது ஒருவர் மட்டும்.

அவரும் அப்படித்தான் வளர்ந்தார். டி.வி. சீரியல் பார்த்தால் மடியில் பூண்டு இருக்கும். ரேடியோ கேட்டால் கையில் பூ நாரும் மல்லிகையும் இருக்கும். நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தால் கூடவே கீரைக்கட்டும் வரும். கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்த நாளில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு குரல் அவரைக் கூப்பிட்டது. வயரோடு உட்கார்ந்தபோதோ யாரும் கூப்பிடவில்லை. "அண்ணிக்குக் கை சும்மாவே இருக்காது!" என்று கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த நாத்தனார் பாராட்டவும் செய்தார். கூடை பின்னுவது அவருக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. முடிச்சு இறுகும்போது விரலுக்குக் கிடைக்கிற நிறைவை வேறெதற்கும் விட்டுக் கொடுக்க மாட்டார். இருந்தாலும் அந்தக் கூடை, தான் கதை கேட்பதற்கு வாங்கிய அனுமதிச் சீட்டாகவும் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

இராப் பத்து முடியப் போகிற சமயத்தில் கூடை முடிந்துவிட்டது. கைப்பிடியும் போட்டாயிற்று. முதல் பாகத்திலோ இன்னும் சில அத்தியாயங்கள் பாக்கி. புது ரோல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போக நேரமில்லை. மத்தியானம் வழக்கம்போலச் செல்போனை டம்ளருக்குள் நிறுத்திவிட்டு, கூடத்துத் தூணில் சாய்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

முறத்தில் அவரைக்காயோடு வந்த நாத்தனார் பதறிவிட்டார். "என்ன அண்ணி, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. கதை கேட்டுக்கிட்டிருக்கேன்."

நாத்தனாருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஊஞ்சலில் படுத்திருந்த மாமியார்தான் கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "நீயும் வந்து உட்காரும்மா. முறத்தை அங்கேயே வச்சுட்டு வா."

அன்றைக்கு நாலு மணிக் காபி நாலரைக்குத்தான் வந்தது. அதற்காக எந்த வீடும் இடிந்து விழவில்லை. அவரைக்காயைச் சாயங்காலம் கோயிலிலிருந்து வந்த நாத்தனார் கணவர் நறுக்கினார். கொஞ்சம் பெரிது பெரிதாகத்தான்.

பண்டிகைக் காலம் என்றாலே வீட்டுப் பெண்களுக்கு ஓட்டம்தான். அது ஒரே வருஷத்தில் மாறிவிடாது. கூடையோ, ஸ்வெட்டரோ, பூத்தொடுப்பதோ, கைக்குப் பிடித்த ஒன்றோடு காதுக்குப் பிடித்த ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் அந்த ஓட்டத்துக்கு நடுவே மூச்சுவிட ஓர் இடம் கிடைக்கும். கையில் ஒன்றுமே இல்லாத நாளிலும் அந்த இடத்தில் தயங்காமல் உட்காரலாம்.

இந்த மார்கழிக்கு அவர் இரண்டு ரோல் வயர் வாங்கி வைத்துவிட்டார், கத்தரிப்பூ நிறத்தில். இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' காத்திருக்கிறது. நாத்தனார் போன வாரமே போனில் சொல்லிவிட்டார்: "அண்ணி, நான் வந்து சேர்றதுக்கு முன்னாடி ஆரம்பிச்சுடாதீங்க!"